பழைய டிசைனர் கூலிங் கிளாஸ் சேகரிப்பு: பெயரைப் படிக்கும் முன் ஃபிரேமைப் படியுங்கள்

பழைய டிசைனர் கூலிங் கிளாஸ் சேகரிக்க இறங்குகிறவர்கள் பெரும்பாலும் பெயரைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். கார்த்தியே, கசால், டியோர், பெர்சோல் என்று எழுத்து கண்ணில் பட்டதும் கை பர்ஸுக்குப் போய்விடும். பெயர் எத்தனை வருடமானாலும் அப்படியே இருக்கும். ஃபிரேம் அப்படியில்லை. நாற்பது ஐம்பது வருடமான பிளாஸ்டிக் உள்ளுக்குள் வேதிமாற்றம் அடைந்துகொண்டே இருக்கும், முலாம் தேயும், லென்ஸின் பூச்சு உரியும். அதனால் ஒரு கண்ணாடி கைக்கு வந்ததும் முதலில் எந்தப் பொருளால் செய்தது என்று பாருங்கள். அடுத்து கீல், அதற்கடுத்து லென்ஸ். பெயரைக் கடைசியில் படியுங்கள். இந்த வரிசையில் போனால் போலியும் சிக்கும், அசலே ஆனாலும் செத்துப்போன ஃபிரேமும் சிக்கும்.

காதில் மாட்டும் பக்கவாட்டுப் பகுதியை இந்தக் கட்டுரை முழுக்கக் கால் என்றே சொல்கிறோம்.

எதைச் சேகரிப்பது

எல்லாவற்றையும் வாங்காதீர்கள். ஒரு நிறுவனம், அல்லது ஒரு பத்தாண்டு, அல்லது ஒரு பொருள் என்று ஒரே வட்டத்துக்குள் நில்லுங்கள். 1965-ல் ஆந்த்ரே குரேஜ் கொண்டுவந்த, மெல்லிய கீறல் வழியாகப் பார்க்கும் வெள்ளை எஸ்கிமோ கண்ணாடியும், 1974-ல் சில்லௌட் நிறுவனம் கொண்டுவந்த ஃப்யூச்சுராவும் விண்வெளி யுகத்து ரசனையில் பிறந்தவை. அது ஒரு வட்டம். ஆப்டில் என்ற பொருளில் வார்த்த டியோர் ஃபிரேம்கள் இன்னொன்று. 1975-ல் தொடங்கிய கசாலுக்கு காரி சலோனி வடிவமைத்த மேற்கு ஜெர்மனி காலத்து மாடல்கள், 1983-லிருந்து வந்த கார்த்தியே உலோக ஃபிரேம்கள், 1990-களில் ஜப்பானில் தயாரான ஜான் பால் கோத்தியே ஃபிரேம்கள் என்று ஒவ்வொன்றுமே தனி உலகம்.

இப்படிக் குறுக்கிக்கொள்வதில் நடைமுறை லாபம் இருக்கிறது. ஒரே நிறுவனத்தின் ஒரே காலத்துக் கண்ணாடிகளில் கீலின் அமைப்பும், எழுத்தின் வடிவமும், மாடல் எண் பொறித்த இடமும் திரும்பத் திரும்ப வரும். பத்துப் பதினைந்து அசல்களைக் கையில் எடுத்தோ நல்ல படங்களிலோ பார்த்துவிட்டால், பதினாறாவது போலியாக இருந்தால் கண்ணே சொல்லிவிடும்.

பழசு எல்லாம் அரிதல்ல. பாஷ் அண்ட் லாம்ப் தயாரித்த ரே-பான் ஏவியேட்டர்கள் ஏராளமாக விற்றவை. அவற்றில் அரிது என்பது குறிப்பிட்ட லென்ஸ் நிறம், குறிப்பிட்ட அளவு, பிரிக்காத பெட்டி இவைதான். மாடலின் பெயரைவிட நிறமும் அளவும் லென்ஸும் சேர்ந்த கூட்டணியே அரிய பொருளைத் தீர்மானிக்கும்.

கையில் இருக்க வேண்டியவை

பத்து மடங்கு பெரிதாக்கும் லூப், வெர்னியர் காலிப்பர், 1.2 முதல் 2 மி.மீ. வரை முனையுள்ள சிறு ஸ்க்ரூடிரைவர்கள், 0.1 கிராம் வரை காட்டும் தராசு, 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச். கடைசியாகச் சொன்ன டார்ச் ஒட்டுவேலையைக் காட்டிக்கொடுக்கும். உடைந்து ஒட்டிய இடத்தில் பசை பெரும்பாலும் நீலமாகவோ வெள்ளையாகவோ ஒளிரும். சாதாரண வெளிச்சத்தில் அந்த விரிசல் தெரியவே தெரியாது.

பொருளை அடையாளம் காண்பது

இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும்.

செல்லுலாய்டு: 1940-கள் வரை பரவலாக இருந்தது. கால்களில் ஒன்றைக் கட்டைவிரலால் வேகமாகத் தேய்த்து மோந்து பாருங்கள். கற்பூர வாசம் வரும். இது எளிதில் தீப்பிடிக்கும் பொருள். சூடான ஊசியால் குத்திப் பார்க்கும் சோதனையை இதில் செய்யவே கூடாது. சிதையத் தொடங்கிய செல்லுலாய்டிலிருந்து அமில வாயு கிளம்பி, பக்கத்தில் உள்ள உலோகத்தையும் மற்ற ஃபிரேம்களையும் அரிக்கும். உள்ளே வலைபோல வெடிப்பு ஓடியிருந்தால் வாங்காதீர்கள். அதற்கு வைத்தியம் இல்லை.

அசிடேட்: பழைய டிசைனர் பிளாஸ்டிக் ஃபிரேம்களில் பெரும்பகுதி இதுதான். இளக்கமாக இருப்பதற்காகச் சேர்த்த பிளாஸ்டிசைசர் காலப்போக்கில் மேற்பரப்புக்கு வந்து வெண்மையாகப் படியும். மைக்ரோஃபைபர் துணியால் துடைத்தால் போய்விடும். சில நாளில் மறுபடி வரும். அழுக்கு திரும்பி வராது, இது வரும், வித்தியாசம் அதில்தான். லேசான வெண்படலம் உள்ளதை வாங்கலாம். பிசுபிசுப்பும் புளித்த வினிகர் வாசமும் சேர்ந்து வந்தால் ஃபிரேம் சுருங்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். சுருங்கிய ஃபிரேம் லென்ஸை நெருக்கும். ஒருநாள் மூக்குப் பகுதியிலோ கீலின் பக்கத்திலோ தானாகவே பிளக்கும். லென்ஸின் ஓரத்தில் ஃபிரேம் இறுகி வெளிப்பக்கம் பிதுங்கியிருக்கிறதா என்று லூப்பில் பாருங்கள்.

ஆப்டில்: ஆஸ்திரியாவில் கரேராவைத் தொடங்கிய வில்ஹெல்ம் ஆங்கர் 1960-களில் கொண்டுவந்த எபாக்ஸி வகைப் பொருள். அசிடேட்டைவிட இலேசு. டியோர், டன்ஹில், பிளேபாய், கரேரா என்று பல பெயர்களில் வந்தது. இதில் தெரிந்துகொள்ள வேண்டியவை மூன்று. ஒன்று, அச்சில் வார்த்த பிறகு நிறமும் மேற்பூச்சும் ஏற்றப்பட்டவை இவை. நிறம் மேலேதான் இருக்கிறது. அசிடேட்டைப் போல பாலிஷ் சக்கரத்தில் கொடுத்தால் நிறமே கழன்று வெளிறிய திட்டு தெரியும். இரண்டு, குளிர்ந்த நிலையில் வளைத்தால் கண்ணாடித் துண்டுபோல முறியும். 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, கால் தானாகத் தளர்ந்த பிறகே வளைக்க வேண்டும். மறுபடி சூடாக்கினால் வார்த்தபோது இருந்த பழைய வடிவத்துக்கே திரும்பிவிடும். மூன்று, இந்தக் கால்களுக்குள் பொதுவாக உலோகக் கம்பி ஓடாது. ஆப்டில் முத்திரை இருந்து உள்ளே கம்பி தெரிந்தால் சந்தேகப்படுங்கள்.

உலோகம்: முலாம் தேயும் இடங்கள் எப்போதும் ஒன்றேதான். மூக்குப் பட்டைகளைத் தாங்கும் கம்பி, தலைமுடி உரசும் கால் நுனி, விரல் படும் மூக்குப் பாலத்தின் மேற்புறம். இந்த மூன்று இடமும் பளபளவென்று இருந்து மற்ற இடங்களில் கீறல் இருந்தால், மறுமுலாம் பூசியிருக்கிறார்கள். அமெரிக்க ஃபிரேம்களில் 1/10 12 கே ஜி.எஃப். (கோல்டு ஃபில்டு) என்று பொறித்திருந்தால் அது சாதாரண முலாம் இல்லை. 12 காரட் தங்கத் தகடு அந்த உலோகத்தின் எடையில் பத்தில் ஒரு பங்கு என்று அர்த்தம். அது முலாமைவிடப் பல மடங்கு நாள் தாங்கும்.

ஸ்க்ரூவைச் சுற்றிப் பச்சைப் பொடி இருந்தால், வியர்வை பட்டு செம்பு கலந்த உலோகம் அரித்த தடம் அது. கழுவினால் போகும். பொடியை எடுத்த பிறகு அடியில் குழி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. குழி ஆழமாக இருந்தால் பற்றவைத்த இணைப்பு பலவீனமாகியிருக்கும்.

நிஜமான ஆமை ஓடு: அழுங்காமை ஓட்டில் செய்த பழைய ஃபிரேம்கள் இப்போதும் விற்பனைக்கு வருகின்றன. அந்த ஆமை 1977 முதல் அழிவுறும் உயிரினங்கள் குறித்த சர்வதேச ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. அனுமதி இல்லாமல் நாட்டு எல்லை தாண்டினால் சுங்கத்தில் பறிமுதலாகும். விற்பவர் ஆமை ஓட்டு நிறம் என்று சொல்கிறாரா, ஆமை ஓடு என்று சொல்கிறாரா என்று கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

கீலும் ஸ்க்ரூவும்

கால்களை மெதுவாகத் திறந்து மூடுங்கள். இரண்டும் ஒரே அளவு எதிர்ப்பு கொடுக்க வேண்டும். ஒன்று தளர்ந்து மற்றது இறுகியிருந்தால் ஸ்க்ரூ மாறியிருக்கலாம், அல்லது கால் வேறொரு கண்ணாடியிலிருந்து வந்திருக்கலாம். ஸ்க்ரூவின் தலையை லூப்பில் பாருங்கள். வெட்டுக்காயம் பட்ட தலை, யாரோ பொருந்தாத ஸ்க்ரூடிரைவரைப் போட்டுத் திறந்திருக்கிறார்கள் என்பதன் சாட்சி.

ஃபிரேமைக் கவிழ்த்து, மேல் விளிம்பு கீழே படும்படி சமதள மேசையில் கால்களைத் திறந்து வையுங்கள். முன்பக்கத்தின் இரு முனைகளும் இரு கால்களும் மேசையைத் தொட வேண்டும். ஏதாவது ஒன்று தூக்கிக்கொண்டு நின்றால் முறுக்கு இருக்கிறது. அசிடேட்டில் அதை நிமிர்த்த முடியும். ஒரு பக்கத்துக் கீல் ஆழமாகப் புதைந்ததால் வந்த முறுக்கு என்றால் முடியாது.

காலத்தைக் கணிப்பது

எழுத்தைப் படிக்கும் நேரம் இப்போதுதான். இரு கால்களின் உட்புறத்திலும் மாடல் எண், நிற எண், அளவு, நாடு இருக்கும். 56□14 என்றால் லென்ஸ் அகலம் 56 மி.மீ., மூக்கு இடைவெளி 14 மி.மீ. காலிப்பரால் அளந்து பாருங்கள். அரை மி.மீ. வித்தியாசம் சகஜம், 2 மி.மீ. வந்தால் ஃபிரேம் சுருங்கியிருக்கிறது அல்லது முன்பக்கமும் காலும் வேறு வேறு கண்ணாடியைச் சேர்ந்தவை.

டபிள்யூ. ஜெர்மனி என்ற முத்திரை 1990 அக்டோபரில் இரு ஜெர்மனிகளும் இணைவதற்கு முந்தைய காலத்தைக் காட்டும். கசால் தன் பழைய மாடல்களை லெஜண்ட்ஸ் என்ற வரிசையில் மறுபடி தயாரிக்கிறது. அவையும் அசல் கசால்தான், ஆனால் பழையவை அல்ல. 607 என்ற மாடல் எண்ணை மட்டும் நம்பி வாங்கியவர்களுக்கு மறுதயாரிப்பு கைக்கு வருவது இப்படித்தான். போலிகளிலும் டபிள்யூ. ஜெர்மனி எழுத்து உண்டு. அங்கே பெரும்பாலும் எழுத்து ஆழமில்லாமல் அச்சடித்தது போல இருக்கும், நகத்தால் சுரண்டினால் உரியும்.

ஐரோப்பியப் பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டது என்று காட்டும் சி.இ. முத்திரை 1990-களின் நடுவில்தான் ஐரோப்பாவில் கூலிங் கிளாஸுக்குக் கட்டாயமானது. 1970-களின் ஃபிரேம் என்று சொல்லி, காலில் சி.இ. பொறித்திருந்தால் கதை பொருந்தவில்லை. பெட்டியிலோ கையேட்டிலோ இணையதள முகவரி இருந்தாலும் அப்படித்தான். ஃபிரேமும் பெட்டியும் வேறு வேறு காலத்தில் இருப்பது நடக்கும் விஷயம். அதற்காக ஃபிரேமை ஒதுக்க வேண்டாம், பெட்டிக்கென்று கூடுதல் விலை மட்டும் கொடுக்காதீர்கள்.

ரே-பானுக்கு எல்லைக்கோடு 1999. அந்த வருடம்தான் பாஷ் அண்ட் லாம்பிடமிருந்து இத்தாலிய நிறுவனமான லக்சோட்டிகாவுக்குப் போனது. முந்தைய உலோக ஃபிரேமில் மூக்குப் பாலத்தில் பி அண்ட் எல் ரே-பான் யு.எஸ்.ஏ. என்று இருக்கும். கண்ணாடி லென்ஸின் வெளி ஓரத்தில், கீலுக்கு அருகே, பி.எல். என்று மிகச் சிறிதாக அரித்த எழுத்து இருக்கும். வெளிச்சத்தைச் சாய்வாக விட்டால்தான் தெரியும். மிகப் பழைய லென்ஸ்களில் இது இருக்காது. லக்சோட்டிகா காலத்தில் அதே இடத்தில் ஆர்.பி. வந்தது.

பெர்சோல் 1917-ல் இத்தாலியின் தூரின் நகரில் ஜூசெப்பே ரட்டி தொடங்கியது. 1995-ல் லக்சோட்டிகா கைக்குப் போனது. பழையவற்றில் பெர்சோல் ரட்டி என்று இருக்கும். பிற்காலத்து மாடல் எண்கள் பி.ஓ. என்று தொடங்கும். கீலில் உள்ள வெள்ளி நிற அம்பைத் தடவிப் பாருங்கள். அசலில் விளிம்பு கூர்மையாக, பிளாஸ்டிக்கோடு இழைந்து நிற்கும். போலியில் மேலே ஒட்டியதுபோல உயர்ந்திருக்கும். காலை வளைத்துக்கொடுக்கும் மெஃப்ளெக்டோ அமைப்பு இருக்க வேண்டிய மாடலில், அந்த வளைவு நிஜமாகவே வேலை செய்கிறதா என்று மிக மெல்ல அழுத்திப் பார்க்கலாம். போலிகளில் கோடு மட்டும் வரைந்திருப்பார்கள்.

கார்த்தியேவில் வரிசை எண் இருக்கிறது என்பதற்காக நிம்மதி அடையாதீர்கள். ஒரே எண்ணை நூற்றுக்கணக்கில் போலிகளில் பொறிப்பது சுலபம். எண்ணைத் தேடுபொறியில் போட்டுப் பாருங்கள். அதே எண் வேறு நிற ஃபிரேமிலும் வந்தால் முடிந்தது. சான்டோஸ் மாடலின் அலங்கார ஸ்க்ரூ தலைகளை லூப்பில் பாருங்கள். வெட்டு சுத்தமாக, ஓரம் கூர்மையாக இருக்க வேண்டும். போலியில் வார்ப்பின் மழுங்கல் தெரியும்.

லென்ஸ்

அசல் லென்ஸ் இருக்கிறதா என்பதில்தான் விலையின் பெரும் பங்கு இருக்கிறது. ஜன்னல் பக்கத்தில் வெள்ளைத் தாளை விரித்து, கண்ணாடியை அதன் மேல் ஓர் அங்குல உயரத்தில் பிடியுங்கள். இரு லென்ஸின் நிழலும் ஒரே நிறத்தில், ஒரே அடர்த்தியில் விழ வேண்டும். மேலே கறுத்துக் கீழே வெளிறும் வகை லென்ஸில், நிறம் மாறும் கோடு இரண்டிலும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் 2 மி.மீ. ஏறியிருந்தால், ஒன்று மாற்றப்பட்டது.

கண்கூச்சத்தைக் குறைக்கும் போலரைஸ்டு லென்ஸ் பல அடுக்குகளாக ஒட்டியது. ஓரத்தில் வானவில் நிறமோ குமிழியோ இருந்தால் அடுக்கு பிரியத் தொடங்கிவிட்டது. அது நடுவை நோக்கித்தான் போகும். முகம் தெரியும் மிரர் பூச்சில் ஊசித்துளைகள் தெரிகிறதா என்று பல்பை நோக்கிப் பிடித்துப் பாருங்கள். நுண்ணிய மயிர்க்கோடுகள் ஓரத்திலிருந்து உள்ளே ஓடினால், இறுக்கமான ஃபிரேம் லென்ஸை அழுத்துகிறது.

கரேரா தயாரித்த, லென்ஸ் கழற்றி மாட்டும் போர்ஷே டிசைன் ஏவியேட்டர் வாங்கினால் இரண்டாவது ஜோடி லென்ஸும் உறையும் கூட வருகிறதா என்று கட்டாயம் கேளுங்கள். அவை இல்லாத செட் பாதி செட்தான்.

வாங்கும்போது

மூடிப்போன பழைய ஆப்டிகல் கடைகளின் சரக்கு, ஏலங்கள், நம்பகமான வியாபாரிகள், வீட்டுப் பொருள் விற்பனை: கிடைக்கும் இடங்கள் இவை. விலையைத் தெரிந்துகொள்ள, விற்பனைக்குப் போட்டிருக்கும் விலையைப் பார்க்காதீர்கள். விற்று முடிந்த விலையைப் பாருங்கள். கேட்கும் விலை வெறும் ஆசை.

படத்தைப் பார்த்து வாங்குவதாக இருந்தால் இவற்றைக் கேட்டு வாங்குங்கள்: நேர் முன்பக்கம், மேலிருந்து ஒரு படம், இரு கால்களின் உள் எழுத்து, திறந்த கீல் மிக அருகில், லென்ஸ் வெளிச்சத்துக்கு எதிரே, கவிழ்த்து மேசையில் வைத்த படம். கூடவே கிராமில் எடை. தெரிந்த அசலின் எடையோடு ஒப்பிட இது உதவும். படம் தர மறுக்கிறவரிடம் வாங்க வேண்டாம். பயன்படுத்தாத பழைய சரக்கு என்று எழுதியிருந்தாலும் இதே படங்கள் வேண்டும். யாரும் போடாமல் அலமாரியிலேயே கிடந்த அசிடேட்டும் அலமாரியிலேயே கெட்டுப்போகும்.

சுத்தம் செய்வது

வெதுவெதுப்பான நீர், ஒரு துளி வாசனையற்ற பாத்திரம் கழுவும் திரவம், மென்மையான தூரிகை, இவை போதும். பச்சைப் பொடிக்கு மரப் பல்குச்சி. அசிடோன் அசிடேட்டைக் கரைக்கும், ஆப்டிலின் பூச்சை உரிக்கும். ஆல்கஹாலும் அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பானும் வேண்டாம். கற்கள் பதித்த ஃபிரேமை நீரில் போடாதீர்கள். கல்லுக்குப் பின்னாலுள்ள வெள்ளிப் படலம் நனைந்தால் கறுத்துக் கல் செத்துவிடும். அல்ட்ராசோனிக் தொட்டியில் லென்ஸோடு போட்டால் பூச்சு பெயரும்.

இறுகிய ஸ்க்ரூவை முறுக்கித் திறக்கப் பார்த்தால் தலைதான் உடையும். ஊசி முனையில் ஒரு சொட்டு துருநீக்கி எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி விடுங்கள். பிளாஸ்டிக்கில் வழிந்ததை உடனே துடையுங்கள். மறுநாளும் அசையாவிட்டால் பழைய ஃபிரேமில் பழகிய ஆப்டிஷியனிடம் கொடுங்கள். மஞ்சளித்த மூக்குப் பட்டைகளைத் தாராளமாக மாற்றலாம். பழையதைச் சிறு உறையில் போட்டு வையுங்கள்.

வைத்துக் காப்பது

18 முதல் 20 டிகிரி வெப்பம், 40 முதல் 50 சதவீத ஈரப்பதம், இருட்டு, காற்றோட்டம். கடைசியாகச் சொன்னதைத்தான் பலர் மறக்கிறார்கள். அசிடேட்டும் செல்லுலாய்டும் விடும் வாயு வெளியேற வேண்டும்; காற்றுப் புகாத டப்பாவில் பூட்டினால் அந்த அமிலத்திலேயே ஊறிச் சிதைவு வேகமெடுக்கும். வினிகர் வாசம் வரும் ஃபிரேமை உடனே தனியே எடுத்து வையுங்கள், மற்றவற்றையும் அது கெடுக்கும். சிலிக்கா ஜெல்லை அள்ளிப் போடாதீர்கள். நைலான் ஃபிரேம்கள் ஈரம் இழந்தால் நொறுங்கும்.

அசல் உறைக்குள் கண்ணாடியை வைக்காதீர்கள். கேட்க விசித்திரமாக இருக்கும், ஆனால் பழைய பி.வி.சி. உறையின் உட்புறம் எண்ணெய் கக்கி லென்ஸில் ஒட்டும்; உள்ளே இருக்கும் பஞ்சு பொடிந்து கீலுக்குள் போகும். உறையைத் தனியாகவும், ஃபிரேமை அமிலமற்ற மெல்லிய தாளில் சுற்றியும் வையுங்கள். குமிழித் தாள் நேராக அசிடேட்டில் பட்டு மாதக்கணக்கில் கிடந்தால் அதன் வட்டங்கள் ஃபிரேமில் பதிந்துவிடும். வெயிலில் நிறுத்திய காருக்குள் மறந்து வைத்தால் ஒரே மதியத்தில் அசிடேட் கோணிவிடும்.

அணியப் போகிறீர்கள் என்றால்

கறுத்த லென்ஸ் எல்லாம் கண்ணைக் காப்பதில்லை. கறுப்புக்குப் பின்னால் கண்மணி விரியும்; லென்ஸ் புற ஊதாக் கதிரைத் தடுக்காவிட்டால் வெறும் கண்ணைவிட அதிகமாக உள்ளே போகும். ஆப்டிகல் கடையில் உள்ள புற ஊதா மீட்டரில் வைத்து, 400 நானோமீட்டர் வரை தடுக்கிறதா என்று பாருங்கள். இரண்டு நிமிட வேலை. அமெரிக்காவில் 1972-ல்தான் லென்ஸ் அடி தாங்கியே ஆக வேண்டும் என்ற விதி வந்தது. அதற்கு முந்தைய கண்ணாடி லென்ஸை வண்டி ஓட்டும்போது போடாதீர்கள். உடைந்தால் கூரான துண்டுகளாகும்.

அப்படிப்பட்ட ஃபிரேமுக்குப் புது லென்ஸ் வெட்டச் சொல்லுங்கள். கழற்றிய அசல்களை அச்சாகக் கொண்டு வெட்டச் சொல்ல வேண்டும். சுருங்கிய ஃபிரேம் என்றால் முழு அளவுக்கு வேண்டாம், 0.2 மி.மீ. குறைத்து வெட்டினால் இறுக்கம் வராது. அசல் லென்ஸ்களை மென்தாளில் தனித்தனியே சுற்றி, வலது இடது என்று தாளின் மேல் பென்சிலால் எழுதி, மாடல் எண்ணும் கழற்றிய தேதியும் குறித்து, ஃபிரேம் இருக்கும் அதே அறையில் வையுங்கள். விற்கும் நாளில் வாங்குகிறவர் முதலில் கேட்பது அந்தப் பொட்டலத்தைத்தான்.